கன்னத்தில் நின்ற காற்று

ஜெயப்ரியா காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பியது 2023ஆம் வருடம் கார்த்திகை முதல் தேதி, வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் அன்று காலையில்தான் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியும் ஈரத் தலையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். டாக்டர் தேவேந்திரனின் கிளினிக் வாசலில் நின்ற ஆட்டோவில் இரண்டு பெட்டிகள் ஏறிவிட்டன. மூன்றாவதை ஏற்ற விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள் மங்கையர்க்கரசி.

"இன்னா மேடம், இப்படித் திடுதிப்புனு போனா நாங்க இன்னா பண்றது?"

"திடுதிப்புனா? ஆறு மாசமா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். திட்டம் முடிஞ்சுதுக்கா. இனிமே இந்தக் கிளினிக்குக்கு நீங்கதான் மேடம்."

"ஆமா, டோக்கன் குடுக்கிற மேடம்."

ஜெயப்ரியா சிரித்தாள். "எதுனா சந்தேகம்னா போன் பண்ணுங்க. எங்க போயிடப் போறேன்?"

அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அந்த எண் திட்ட அலுவலகம் கொடுத்த எண். திங்கட்கிழமை சென்னையில் போனையும் சிம்மையும் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். கிளம்பிய வெள்ளிக்கிழமை சாயங்காலமே, கிளினிக் ஊழியர்கள் இருபத்தாறு பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அவள் விலகியிருந்தாள். செவிலிமேட்டு பஸ்ஸில் நின்றபடி மங்கை அந்த வரியைப் பார்த்தாள். ஜெயப்ரியா வெளியேறினார். அதற்குக் கீழே யாரோ ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார். அவ்வளவுதான்.

மங்கைக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஐயம்பேட்டையில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்து, ஒரு வருட நர்சிங் உதவியாளர் படிப்பு படித்து, கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே இந்தக் கிளினிக்கில் சேர்ந்தவள். பதின்மூன்று வருடம் ஒரே நாற்காலி. டோக்கன், பிரஷர், ஊசி, கட்டு. மழைக்காலம் வந்தால் நெபுலைசர். இளைப்பு என்று வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து முகமூடியை மாட்டுவாள். புகை மாதிரி மருந்து போகும். மூச்சு இறங்கும். எழுந்து போவார்கள். நாலு நாளில் அதே ஆள் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார். இதுதான் வைத்தியம் என்று அவளும் நினைத்திருந்தாள், டாக்டரும் நினைத்திருந்தார்.

பிறகுதான் சென்னையிலிருந்து இளைப்பு நோய்த் திட்டக்காரர்கள் வந்து, கிளினிக்குக்கு ஒருவர் மூச்சுக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்றார்கள். டாக்டர் சுற்றிப் பார்த்தார். இருந்தது இவள் ஒருத்திதான். தோளில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் வந்தது: மூச்சு நலப் பொறுப்பாளர். முதல் வாரம் வெட்கப்பட்டுக்கொண்டு புடவைத் தலைப்பால் மூடி வைத்தாள்.

திட்டத்தின் பயிற்சியாளர் ஜெயப்ரியா பதினைந்து நாளைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வருவாள். இவள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். திட்ட மாட்டாள். நோயாளி போன பிறகு, "அக்கா, அந்தம்மா பம்ப்பை அமுக்கினாங்க, இழுத்தாங்களா?" என்று கேட்பாள். அப்போதுதான் மங்கைக்கு உறைக்கும். அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. ஒரு பெண் மூன்று வருடமாக இன்ஹேலர் பம்ப் மருந்தை நாக்கில் பீய்ச்சிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பம்ப்பை சாமி மாடத்தில் வைத்து வெள்ளிக்கிழமை மட்டும் எடுத்தார். நீலப் பம்ப் ஆபத்துக்கு, காவிப் பம்ப் அன்றாடத்துக்கு என்பதைத் தெருத் தெருவாகப் பதிய வைத்தாள் மங்கை. ஒன்றரை வருடத்தில் நெபுலைசர் பெஞ்ச் பாதி காலியானது. "நம்ம மங்கை பெரிய ஸ்பெஷலிஸ்டாயிடுச்சு" என்று டாக்டரே வருகிறவர்களிடம் சொன்னார். பேட்ஜ் தலைப்புக்கு வெளியே வந்தது.

ஜெயப்ரியாவிடம் ஒரு பழக்கம் உண்டு. மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயில் நோயாளி ஊதும்போது அவள் எதிரே நிற்க மாட்டாள். பக்கவாட்டில் போய் நின்று முகத்தையே பார்ப்பாள். ஏன் என்று மங்கை கேட்டதில்லை. ஆளுக்கு ஒரு வழக்கம் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஊதும் கருவி ஒரு சாண் நீளக் குழாய். நெஞ்சு நிறைய இழுத்து ஒரே மூச்சில் ஊதினால் சிவப்பு முள் ஓடி ஒரு எண்ணில் நிற்கும். எண் பெரியதாக இருந்தால் மூச்சுக்குழல் திறந்திருக்கிறது என்று பொருள். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம் போட்ட அட்டையும் அதே மாதிரி குழாயும் இருந்தன. தினமும் காலையில் ஊதி எண்ணைக் குறிக்க வேண்டும். சிவப்புக்கு வந்தால் உடனே ஓடி வர வேண்டும்.

கார்த்திகை ஐந்தாம் தேதி தணிகாசலம் வந்தார்.

ஐம்பத்தெட்டு வயது. பட்டுத் தறிதான். நாற்பது வருடமாகத் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர். தெருவில் அவரைத் தெரியாதவர் இல்லை, ஆனால் தறிக்காக அல்ல. மார்கழி மாதம் முழுக்க விடியலில் திருவெம்பாவை பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வருகிற குழுவுக்கு முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போவது அவர்தான். அவருக்கு முன்னால் அவர் அப்பா. முருகன் கோயில் வாசலில் அவர் ஊத ஆரம்பித்தால் தெருக்கோடி தண்ணீர்த் தொட்டி வரை ஒரே மூச்சு என்பார்கள்.

"நர்ஸம்மா, நெஞ்சுல பூனை கத்துதுமா" என்று வந்து உட்கார்ந்தார்.

"பூனையா? எலி புடிக்க வெச்சிருக்கீங்களா பெரியப்பா?" என்றபடி மங்கை குழாயைக் கொடுத்து எப்படி ஊத வேண்டும் என்று காட்டினாள்.

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துனூண்டு குழாயா? சங்கு ஊதறவன் கையில இதைக் குடுத்தா அவமானம்மா." வாயில் வைத்தார். கன்னம் இரண்டும் பந்து மாதிரி உப்பியது. ட்டூ என்று ஒரு வெடிப்பு. முள் ஓடி நானூற்று முப்பதில் நின்றது.

மங்கைக்குக் கண் விரிந்தது. அந்த வருடம் முழுக்க அந்தக் குழாயில் யாரும் நானூறைத் தாண்டியதில்லை. "இன்னொரு தபா ஊதுங்க பெரியப்பா." நானூற்று நாற்பது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எப்படி ஊதறீங்க? சொல்லிக்கினே ஊதுங்க, வீடியோ எடுக்கிறேன்."

அவர் தோளை நிமிர்த்திக்கொண்டார். "உதட்டை இறுக்கிக்கோ. கன்னத்துல காத்தை ரொப்பு. நாக்கால ஒரு தட்டு தட்டு. நெஞ்சுல இல்லாட்டியும் கன்னத்துல இருக்கணும்மா காத்து. எங்கப்பன் குடுத்த பாடம்."

எல்லோரும் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தாள். நாற்பது விநாடி வீடியோ. எங்கள் கிளினிக் ஐயா, இப்படித்தான் ஊத வேண்டும் என்று எழுதிக் குழுவில் போட்டாள். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது கட்டைவிரல்கள். அந்த நாற்பது விநாடியில் எல்லாமே இருந்தது. தப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்த மனிதர் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத் திடுக்கிடக்கூடிய ஒரே ஆள் நாலு நாள் முன்னால்தான் குழுவை விட்டுப் போயிருந்தாள்.

டாக்டர் காவிப் பம்ப்பும் நீலப் பம்ப்பும் எழுதிக் கொடுத்தார். தணிகாசலம் அட்டையைச் சட்டைப்பையிலும் குழாயைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து வந்தபோது அட்டை முழுக்கப் பச்சை. நானூற்று முப்பது, நானூற்று நாற்பது, நானூற்று முப்பது. அரிசி பரப்பினது மாதிரி ஒரே சீர்.

"சார், பாருங்க" என்று மங்கைதான் அட்டையை நீட்டினாள்.

டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. "பூனை போயிடுச்சு போல." காவிப் பம்ப்பை இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையாக்கினார். பூனை போகவில்லை. கத்துவதற்கு வேண்டிய காற்றுகூட உள்ளே ஓடவில்லை. இது பிறகுதான் தெரிந்தது.

மார்கழி பிறந்தது. பாலாற்றுப் பக்கமிருந்து பனி ஏறி, எட்டு மணி வரை தெரு தெரியவில்லை. முதல் வாரத்தில் ஒருநாள் தணிகாசலத்தின் மனைவி காமாட்சியம்மாள் நீலப் பம்ப் வாங்க வந்தாள்.

"போன வாரம்தானே பெரிம்மா வாங்கினீங்க?"

"தீந்துபோச்சுமா. தறியில உக்காந்தா ஒரு தபா, எழுந்தா ஒரு தபா."

"ஊதி நம்பர் பாத்தாரா இன்னிக்கி?"

"பாத்தாரு. பச்சைதான். சிரிச்சிக்கினே காட்டுறாரு." காமாட்சியம்மாள் பம்ப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள். கிளம்பவில்லை. "மங்கை, ஒண்ணு கேக்கறேன். மனுஷன் படுக்கறதே இல்ல. தறிக்காலுல சாஞ்சிக்கினு உக்காந்தே தூங்குறாரு. கேட்டா, நர்ஸம்மாவே பச்சைன்னுச்சு, உனுக்கு இன்னா தெரியும்ங்கிறாரு. அந்தக் குழாய் பொய் சொல்லுமா?"

"குழாய் எதுக்கு பெரிம்மா பொய் சொல்லப் போவுது?" என்றாள் மங்கை.

சொல்லிவிட்டாளே தவிர, அந்தக் கேள்வி போகவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெயப்ரியாவின் எண்ணை அழைத்தாள். உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். குழுவில் கேட்கலாம் என்று எழுத ஆரம்பித்தாள். நம்பர் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை, எதை நம்புவது? எழுதியதைப் படித்தாள். கொஞ்சம் மேலே தள்ளினால் அவள் போட்ட வீடியோ, அதற்கு விழுந்த பத்தொன்பது கட்டைவிரல்கள். அதே ஐயாவைப் பற்றி இப்போது இப்படிக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? எழுதியதை அழித்தாள். டாக்டரிடம் ஜாடையாகச் சொன்னாள். "உக்காந்து தூங்கறது வயசானவங்களுக்கு வழக்கம்தான் மங்கை, நம்பர் நல்லா இருக்கே" என்றார் அவர். அவருக்கு நம்பரை நம்பக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

அதற்குப் பிறகும் சேதிகள் வந்தன. டோக்கன் வாங்க வந்த பாட்டுக் குழு ஆள் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இந்த வருஷம் சங்கு பாதித் தெரு கூட வரல. நம்மாளு பிட்டு பிட்டா ஊதறாரு." மார்கழி இருபதுக்கு மேல், இன்னொருவர்: "மூணு தபா ஊதிட்டு கம்பத்தைப் புடிச்சிக்கினு நிக்கிறாரு. பனி ஆவலையாம்." அட்டையில் அன்றைக்கும் நானூற்று முப்பது. பதின்மூன்று வருடத்தில் பார்த்த எந்த நெஞ்சும் இப்படி அசையாமல் நின்றதில்லை என்பது மங்கைக்குத் தெரியும். பனிக்கு இறங்கும், வெயிலுக்கு ஏறும். இவருடைய எண் மட்டும் செத்த கடிகாரம் மாதிரி ஒரே இடத்தில் நின்றது.

போகி அன்று ஞாயிற்றுக்கிழமை. கிளினிக் கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கு மங்கைக்கு விழிப்பு வந்துவிட்டது. செவிலிமேட்டில் அக்கம்பக்கம் பழைய பாயும் தலையணையும் எரிய ஆரம்பித்திருந்தன. யாரோ டயரையும் போட்டிருந்தார்கள். புகை ஜன்னலுக்குள் வந்து தொண்டையைப் பிடித்தது. இந்தப் புகையில் அவர் தெருவில் நிற்பார் என்ற நினைப்பு வந்ததும் அவளால் உட்கார முடியவில்லை. கைப்பையில் ஊதும் குழாயும் ஒரு நீலப் பம்ப்பும் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் புகையும் பனியும் கலந்து விளக்குக் கம்பங்கள் பாதியில் முடிந்துபோயிருந்தன. பாட்டுச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. பிறகு சங்கு. ஒரு துண்டு. நிறுத்தம். இன்னொரு துண்டு. நீண்ட நிறுத்தம். சத்தம் வந்த பக்கம் போனாள்.

கோயிலைத் தாண்டி இரண்டாவது வீட்டு ஓரம் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். மங்கை அவருக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். தெருவிளக்கு அவர் முகத்துக்குப் பின்னால் இருந்தது. சங்கை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. நாக்கு தட்டியது. சத்தம் வந்தது. நெஞ்சு அசையவே இல்லை. தோள் இரண்டும் காதுக்கு ஏறி அப்படியே நின்றன. கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஊதியது கன்னம் மட்டும்தான்.

ஜெயப்ரியா ஏன் பக்கவாட்டில் நின்றாள் என்பது அவளுக்கு அந்த இடத்தில், அந்தப் புகையில் புரிந்தது.

"பெரியப்பா, சங்கைக் குடுங்க."

"இன்னாமா... இந்நேரத்துல..." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. உதடு நிறம் மாறியிருந்தது.

குழாயை அவர் வாயில் வைத்தாள். இரண்டு உள்ளங்கையாலும் கன்னங்களை அழுத்திப் பிடித்தாள். "கன்னம் வேணாம். நெஞ்சுலேர்ந்து ஊதுங்க."

முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. நூற்றிருபது. அவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நூற்றிருபதுதான்.

"காலையில... நானூத்து முப்பதுமா" என்றார் அவர், ஏதோ குழந்தை சமாதானம் சொல்வது போல.

பாட்டு நின்றுபோயிருந்தது. அவரை வீட்டுப் படியில் உட்கார வைத்து, நீலப் பம்ப்பை ஒவ்வொரு அமுக்காக இழுக்க வைத்துக்கொண்டே 108ஐக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் இரண்டு முறை கண்ணை மூடினார். இரண்டு முறையும் காமாட்சியம்மாள் அவர் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். "குழாய் பொய் சொல்லாதுன்னியேடி" என்று மங்கையைப் பார்த்துக் கத்தினாள். ஆம்புலன்ஸ் வந்ததும் மங்கை ஆக்ஸிஜன் முகமூடியின் வாரை அவர் காதுக்குப் பின்னால் மாட்டுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

அரசு மருத்துவமனையில் பதினோரு நாள். அதில் நாலு நாள் தொண்டையில் குழாய் போட்டு மிஷின் மூச்சு. பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் வராந்தாவில் போயின. ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

கிளினிக் திறந்த அன்று மங்கை பேட்ஜைக் கழற்றி டாக்டர் மேஜைமேல் வைத்தாள். "நான் சொல்லிக் குடுத்தது தப்பு சார்."

தேவேந்திரன் அதை அவள் பக்கமே தள்ளினார். "மருந்தைக் குறைச்சது நானு. அட்டையைப் பாத்தேன், ஆளைப் பாக்கல. எடுத்துக் குத்திக்கோ. வெளியே பன்னெண்டு பேர் உக்காந்திருக்காங்க."

அந்த வாரம் அட்டை வைத்திருந்த அத்தனை பேரையும் வரவழைத்து, கன்னத்தில் கை வைத்து மறுபடி ஊத வைத்தாள். தணிகாசலத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இரண்டு தறிக்காரர்களுக்கு நூற்றைம்பது எண்கள் கீழே இறங்கின. மருந்தை ஏற்றினார்கள். அது சரி. வீடியோ?

அழிக்கப் பார்த்தாள். நாள் கடந்துவிட்டதால் தன் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடிந்தது. யாரும் அப்படி ஊத வேண்டாம், அது தப்பான முறை என்று குழுவில் எழுதினாள். குழுவில் அதற்குள் பாதிப் பேர் வேலை மாறியிருந்தார்கள். மீதிப் பேர் காலை வணக்கப் படங்களாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதியது சாயங்காலத்துக்குள் ரோஜாப்பூக்களுக்கு அடியில் போய்விட்டது. மூன்று பேர் பார்த்ததாகக் காட்டியது. தெரிந்த எண்கள் பதினொன்றையும் ஒவ்வொன்றாக அழைத்துச் சொன்னாள். "எந்த வீடியோக்கா?" என்றார்கள் சிலர். "அதை நான் நிறைய பேருக்கு அனுப்பிட்டேனே" என்றாள் ஒருத்தி. யாருக்கெல்லாம் என்று அவளுக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு நாட்கள் நடந்தன. அடுத்த மார்கழியில் வேறு ஒருவர் சங்கு ஊதினார். தணிகாசலம் கம்பளி சுற்றிக்கொண்டு வாசலில் நின்று, "காத்தை வீணாக்கறான்" என்று குறை சொன்னார். மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வருவார். மங்கை பக்கவாட்டில் நிற்பாள். அவரே தன் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார், அவள் குழாயைப் பிடித்துக்கொள்வாள். நூற்றெண்பது. நூற்றுத் தொண்ணூறு. ஒருமுறை இருநூற்றுப் பத்து வந்தபோது டீ வாங்கிவரச் சொன்னார். அட்டையில் எண்கள் ஏறியும் இறங்கியும் ஓடின. அதைப் பார்க்கும்போதுதான் மங்கைக்கு மூச்சு வந்தது.

2025 ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை பகலில், டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அவள் போன் அதிர்ந்தது. தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு.

"வணக்கம் அக்கா. என் பேரு சங்கீதா. தென்னேரில ஒரு கிளினிக்ல வேலை செய்றேன். எனக்கு யாரும் ட்ரெயினிங் குடுக்கல. சங்கு ஊதற ஐயாவோட உங்க வீடியோ ஒருத்தங்க அனுப்பினாங்க, அதை வெச்சுதான் கத்துக்கிட்டேன். முன்னெல்லாம் எங்க பேஷண்ட் யாருக்கும் நம்பர் ஏறவே ஏறாது. இப்போ பதினேழு பேரும் பச்சைக்கு வந்துட்டாங்க. டாக்டர் ரொம்ப சந்தோஷமாயிட்டார், போன மாசமே எல்லாருக்கும் மருந்தைக் குறைச்சுட்டார். உங்க நம்பர் இன்னிக்குத்தான் கெடைச்சுது. ரொம்ப நன்றிக்கா."